ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட்: முதல் அமைப்பை ஸ்கிரிப்டிடம் விடுங்கள்

காரைக்குடியில் அலுவலகம், ஆத்தங்குடியில் பட்டறை, இரண்டு இடத்திலும் சரக்கு. அப்படியொரு நிறுவனத்துக்கு, கணக்கு, சரக்கு, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்கு ஒரு சைட் (தனி டேட்டாபேஸ் கொண்ட ஓர் அமைப்பு), நிஜ வியாபாரத்துக்கு ஒரு சைட் வேண்டும். இரண்டையும் கையால் கிளிக் செய்து அமைத்தால் எங்காவது வித்தியாசம் வந்துவிடும். அதனால் கீழே உள்ள படிகளின் கட்டளைகளை ஒரே ஸ்கிரிப்டாக, அதாவது வரிசையாக ஓடும் ஒரு கோப்பாக எழுதிவைப்போம். ஃபிராப்பே பெஞ்ச் (ஈஆர்பிநெக்ஸ்டின் அடித்தளமான ஃபிராப்பேயைக் கையாளும் கட்டளைக் கருவி) நிறுவிய கணினி உங்களிடம் இருந்தால் போதும், தொடங்கலாம். கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

1. விடைகளைச் சேகரியுங்கள். கணக்கு பார்க்கும் அண்ணனோடு உட்கார்ந்து கேட்டு, ஒரு ஜேசன் கோப்பில் (புலத்தின் பெயரும் அதன் மதிப்பும் ஜோடியாக இருக்கும் உரைக்கோப்பு) எழுதுங்கள்: நாடு, நாணயம், நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா, நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நிறுவனத்தின் சுருக்கப் பெயரை மட்டும் அவசரப்பட்டு முடிவுசெய்யாதீர்கள். ஒவ்வொரு கணக்குத் தலைப்பின் பெயரிலும், ஒவ்வொரு கிடங்கின் பெயரிலும் அது வாலாக ஒட்டிக்கொள்ளும். சுருக்கப் பெயர் 'ஏடி' என்றால், 'ஸ்டோர்ஸ் - ஏடி' என்றுதான் பட்டியலில் தெரியும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. பாஸ்வேர்டு இந்தக் கோப்பில் வேண்டவே வேண்டாம், கோப்புக்கு வெளியே, ஸ்கிரிப்ட் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கட்டும்.

2. ஆப்களை இறக்குங்கள். 'பெஞ்ச் கெட்-ஆப்' கொடுத்து ஈஆர்பிநெக்ஸ்ட், அடுத்து ஜிஎஸ்டிக்கான இந்தியா கம்ப்ளையன்ஸ்.

3. 'பெஞ்ச் நியூ-சைட்' கொடுத்துச் சைட்டை உருவாக்குங்கள். அதற்கு முன், அந்தப் பெயரில் சைட் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகட்டும். பிழை வருகிறதே என்று 'ஃபோர்ஸ்' சேர்த்துவிடாதீர்கள். பழைய டேட்டாபேஸ் அழிந்து புதிது உருவாகும், பில்லெல்லாம் போய்விடும்.

4. ஆப்களைச் சைட்டில் பதியுங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கெட்-ஆப் கணினிக்குக் கொண்டுவருவதோடு சரி. 'பெஞ்ச் இன்ஸ்டால்-ஆப்' கொடுத்த பிறகே அந்தச் சைட்டுக்கு ஆப் தெரியும். முதலில் ஈஆர்பிநெக்ஸ்ட், அதை நம்பியிருக்கும் இந்தியா கம்ப்ளையன்ஸ் அதன் பிறகு. 'லிஸ்ட்-ஆப்ஸ்' அடித்தால் இரண்டும் வர வேண்டும்.

5. செட்டப் விசார்டு, அதாவது முதல்முறை நுழையும்போது நாடு, நாணயம் எல்லாம் கேட்கும் திரை. திரையில் நிரப்புவதற்குப் பதிலாக, 'பெஞ்ச் எக்ஸிகியூட்' மூலம் ஃபிராப்பேயின் செட்டப்-கம்ப்ளீட் ஃபங்ஷனை அழைத்து ஜேசன் விடைகளைக் கொடுங்கள். புலங்களின் பெயர்கள் விசார்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி எண்ணை மட்டும் கம்பெனி பக்கத்தில் கையாலேயே இடுங்கள். 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும்; சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சோதனைச் சைட்டில் ஒரு டைல்ஸ் பில் சரியாக வந்தால், சைட் பெயரை மட்டும் மாற்றி அதே ஸ்கிரிப்டை நிஜச் சைட்டுக்கு ஓட்டுங்கள்.