செராமிக் பூச்சில் எஞ்சிய தகைவு: கணக்கு எங்கே தடம் புரள்கிறது

உலோகத்தின் மேல் பூசிய செராமிக் குளிர்ந்த பிறகும் அதற்குள் தங்கிவிடும் தகைவை (பரப்பலகுக்கான உள்விசை) கணினியில் கணக்கிடும்போது வரும் தவறுகள் இவை. அலகு மாற்றுவதில் சறுக்குவது, குறியை மாற்றிப் போடுவது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அதை விடுங்கள். கணினி தரும் தகைவு வண்ணப்படம் அழகாக வந்து, எண் மட்டும் பொய்யாக இருக்குமே, அந்த வகைத் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். எல்லாமே நானும் செய்தவை.

வில்லையின் குணகத்தைப் பூச்சுக்குப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அடர்த்தியாகச் சுட்ட இட்ரியா-ஸிர்க்கோனியா (இட்ரியா கலந்த ஸிர்க்கோனியா செராமிக்) வில்லையின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல். அதையே பிளாஸ்மாவில் தெளித்த பூச்சிலோ, தட்டையான துளிகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து நடுவில் துளைகளும் நுண்விரிசல்களும் நிறைந்திருப்பதால், பெரும்பாலும் சில பத்து கிகாபாஸ்கல்தான். அடியிலுள்ள சூப்பர் அலாய்க்கும் (சூடு தாங்கும் உலோகக் கலவை) ஸிர்க்கோனியாவுக்கும் வெப்ப விரிவுக் குணகத்தில் டிகிரிக்கு 4 மைக்ரோ திரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் 4 பங்கு) வித்தியாசம், 1000 டிகிரி குளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்சான் விகிதம் (நீளவாக்கில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) 0.2. வில்லையின் எண்ணைப் போட்டால் பூச்சில் 1000 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு, 40 கிகாபாஸ்கல் போட்டால் 200. உரிவதற்குக் கிடைக்கும் ஆற்றலும் அதே ஐந்து மடங்கு ஊதிப்போகும்.

கீழே ஸிர்க்கோனியா, மேலே கடோலினியம் ஸிர்க்கோனேட் என்ற இன்னொரு செராமிக் என்று ஓர் இரட்டை அடுக்குக்கு நான் இப்படித்தான் கணக்குப் போட்டு, முதல் குளிர்விப்பிலேயே மேலடுக்கு உரிந்துவிடும் என்று அடித்துச் சொன்னேன். மாதிரியோ உலைக்குள் போவதும் வருவதுமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு மாதம் மெஷ்ஷைக் (கணினி மாதிரியைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) குறை சொன்னேன், அப்புறம் க்ரீப் (சூட்டில் பொருள் மெல்ல இளகி நகர்வது) விதியைக் குறை சொன்னேன். பொருள் கோப்பின் முதல் வரியைத் திறந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

சரி, அளந்துவிட்டால் போதுமா? நானோ இன்டென்டேஷன் (நுண்ணிய ஊசியை அழுத்தி அளக்கும் முறை) ஊசி ஒரே துளிக்குள் இறங்கினால், வில்லைக்குப் பக்கமான எண்தான் வரும். பூச்சு ஒட்டிய உலோகத் தகட்டின் வளைவை நிர்ணயிப்பது பூச்சு முழுவதன் குணகம், அதனால் வளைத்துப் பார்த்து அளந்ததை எடுங்கள். அமுக்கினால் நுண்விரிசல் மூடிக்கொண்டு விறைப்பு கூடும் என்பதால், இழுவையில் அளந்ததா அமுக்கத்தில் அளந்ததா என்றும் கேளுங்கள். அதோடு, சூட்டில் கிடக்கக் கிடக்க விரிசல்கள் ஒட்டிக்கொண்டு பூச்சு இறுகும், முதல் சுழற்சியின் எண் நூறாவதற்குச் செல்லாது.

தகைவற்ற வெப்பநிலை

பூச்சில் தகைவே இல்லை என்று கணக்கைத் தொடங்கும் வெப்பநிலை, அறை வெப்பநிலையும் இல்லை, உருகுநிலையும் இல்லை. துளி உறையும்போதே இழுவைத் தகைவு ஏறிவிடுகிறது. சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் க்ரீப் அதைத் தளர்த்துகிறது, அதன் பிறகு அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஸ்டோனி சூத்திரம்

தகட்டின் வளைவிலிருந்து தகைவைக் கணக்கிடும் இந்தச் சூத்திரம் மெல்லிய படலத்துக்குத்தான். 2 மில்லிமீட்டர் தகட்டில் 300 மைக்ரான் பூச்சு 'மெல்லிய படலம்' ஆகாது.

அலுமினா படலத்தை விட்டுவிடுவது

செராமிக்குக்கு அடியில் சூட்டில் வளரும் இந்த ஆக்சைடு அடுக்கைச் சில மைக்ரான்தானே என்று விடாதீர்கள். குளிர்ந்தபின் அதற்குள் இருப்பது பல கிகாபாஸ்கல் அமுக்கம்.

தட்டையான இடைமுகம்

தட்டையாக வரைந்தால் நடுப்பகுதியில் செங்குத்துத் தகைவு பூஜ்யம், கணக்கில் பூச்சு உரியவே உரியாது. பாண்ட் கோட்டின் (செராமிக்கை ஒட்டவைக்கும் அடியிலுள்ள உலோக அடுக்கு) மேடு பள்ளத்தை ஒரு சைன் அலையாகவாவது போடுங்கள்.

ஓரத்து உச்ச மதிப்பு

பூச்சின் ஓரத்தில் கணக்கு காட்டும் உச்சத் தகைவு, மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும். அறிக்கையில் எழுதாதீர்கள்.