குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்குள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிக்கு இமேஜ் புஷ் செய்ய: எந்தப் பெயரில்?

இமேஜ்களைச் (செயலியின் பொதிகள்) சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பாட் (கன்டெய்னர் ஓடும் சிறு அலகு) நன்றாக ஓடுகிறது, இமேஜை அதில் ஏற்றும் புஷ்ஷும் முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் செயலியின் பாட் மட்டும் 'இமேஜ்புல்பேக்ஆஃப்' (இமேஜை இறக்க முடியவில்லை) என்று நிற்கிறது. பெரும்பாலும் கோளாறு இமேஜின் பெயரில்தான். இமேஜை இறக்குவது பாட் அல்ல, நோடில் (கிளஸ்டரிலுள்ள கணினி) ஓடும் கன்டெய்னர்டி என்ற மென்பொருள். சர்வீஸ் (பாட்களை எட்ட உதவும் நிலையான முகவரி) பெயர்கள், கிளஸ்டருக்குள் பெயரை முகவரியாக்கும் கோர்டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். நோடு தன் சொந்த டிஎன்எஸ்ஸைக் கேட்டுவிட்டு, 'நோ சச் ஹோஸ்ட்' என்று கைவிரித்துவிடும்.

அதனால் லேப்டாப்பிலும் நோடிலும் ஒன்றுபோலச் செல்லுபடியாகும் பெயர் வேண்டும். சோதனைக் கிளஸ்டருக்கு 127.0.0.1:30500 போதும்.

'ரெஜிஸ்ட்ரி:2' இமேஜில் ஒரு டிப்ளாய்மென்ட் (பாட்டைத் தொடர்ந்து ஓடவைக்கும் அமைப்பு) போடுங்கள். அது 5000 போர்ட்டில் கேட்கும். இமேஜின் அடுக்குகளான லேயர்கள் சேரும் 'வார்/லிப்/ரெஜிஸ்ட்ரி' அடைவுக்கு 10 ஜிபி பிவிசி (நிலையான சேமிப்பிடத்துக்கான கோரிக்கை) ஒன்றை மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் பாட் மாறியதும் எல்லா இமேஜும் போய்விடும். சர்வீஸை நோட்போர்ட் வகையில் (ஒவ்வொரு நோடிலும் ஒரே போர்ட் திறக்கும்) வைத்து, 30500 என்று எண்ணை நீங்களே கொடுங்கள் (இயல்பான வரம்பு 30000 முதல் 32767 வரை).

அடுத்து, லேப்டாப்பில் அந்த சர்வீஸுக்கு 30500:5000 என்று போர்ட்-ஃபார்வர்ட் (லேப்டாப்பின் போர்ட்டைக் கிளஸ்டருக்குள் இணைக்கும் வழி) திறந்து வையுங்கள். இமேஜுக்கு '127.0.0.1:30500/கடை:1.0' என்பதுபோல டேக் போட்டு, டாக்கர் புஷ் கொடுங்கள். பாட்டை விவரிக்கும் யாம்ல் கோப்பிலும் அதே பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். 127-இல் தொடங்கும் முகவரி என்றால் டாக்கர் ஹெச்டிடிபியை ஏற்கும், சான்றிதழ் தேவையில்லை. பெரிய லேயரில் இணைப்பு அறுந்தால் ஃபார்வர்டை மறுபடி திறந்து புஷ் செய்யுங்கள். ஏறிய லேயர்களை டாக்கர் தாண்டிப்போகும்.

இது லினக்ஸ் லேப்டாப்புக்கான வழி. டாக்கர் டெஸ்க்டாப்பில் டாக்கர் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதால், 127.0.0.1 அந்தக் கணினியையே குறிக்கக்கூடும்.

நோடில் சர்வீஸ் போக்குவரத்தைத் திருப்பிவிடும் கியூப்-ப்ராக்ஸி ஐபிவிஎஸ் முறையில் ஓடினால் நோடின் 127.0.0.1-இல் நோட்போர்ட் கிடைக்காது. அப்போது நோடின் ஐபியையே பெயரில் வைக்க வேண்டும். உடனே, 'ஹெச்டிடிபிஎஸ் கேட்ட கிளையன்டுக்கு ஹெச்டிடிபி பதில் வந்தது' என்ற பொருளில் பிழை வரும். டாக்கரின் டீமன் ஜேசன் கோப்பில் அந்த முகவரியை 'இன்செக்யூர்-ரெஜிஸ்ட்ரீஸ்' பட்டியலில் சேர்த்தால் புஷ் போகும். அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர், நோடுகளை மறந்துவிடுகிறார்கள். கே3எஸ் (குபர்னெட்டிஸின் ஓர் எளிய வடிவம்) என்றால் ஒவ்வொரு நோடிலும் 'ரெஜிஸ்ட்ரீஸ் யாம்ல்' கோப்பில் அந்த முகவரிக்கு ஹெச்டிடிபி எண்ட்பாயின்ட் எழுதி, கே3எஸ்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு நோடு விட்டுப்போனால் பாட் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. அதைத் துரத்துவதுதான் பெரிய தலைவலி.

கடவுச்சொல் இல்லாத நோட்போர்ட் என்றால் நோடை எட்டக்கூடிய எவரும் புஷ் செய்யலாம். வீட்டு லேபுக்கு வெளியே இப்படி வைக்காதீர்கள். கடவுச்சொல் வைக்க, 'ஹெச்டிபாஸ்டபிள்யூடி' (htpasswd) கோப்பை பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறையில் உருவாக்குங்கள்; வேறு ஹேஷ்களை ரெஜிஸ்ட்ரி ஏற்காது. புல் சீக்ரெட்டை (இமேஜை இறக்கத் தேவையான கடவுச்சொல் விவரம்) ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் (கிளஸ்டரின் உட்பிரிவு) தனித்தனியாகப் போட வேண்டும்.

வட்டு நிறைந்தால் இமேஜை நீக்குவதால் மட்டும் இடம் திரும்பாது. நீக்கும் வசதியை முதலில் இயக்கி, மேனிஃபெஸ்டை (இமேஜின் லேயர் பட்டியல்) நீக்கி, பிறகு 'கார்பேஜ்-கலெக்ட்' ஓட்டுங்கள். அது ஓடும்போது யாரும் புஷ் செய்யக்கூடாது. பாதி ஏறிய இமேஜின் லேயரையும் அது குப்பையாக எண்ணி அழித்துவிடும்.