குபர்நெட்டீஸில் போஸ்ட்கிரெஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் நல்ல கூட்டம். அந்த அறைப் பதிவுகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சிறு குழு திருகோணமலையில் இருக்கிறது என்று வையுங்கள். கையில் மூன்று பழைய கணினிகள். பல கணினிகளை ஒரே கூட்டமாக (கிளஸ்டராக) இணைத்து மென்பொருள்களை ஓட்டும் குபர்நெட்டீஸின் சிறிய வடிவமான கே3எஸ் போட்டு, இணையப் பக்கத்தை ஏற்றி, அதற்குத் தரவு எடுத்துக் கொடுக்கும் ஏபிஐயை ஏற்றி, கடைசியில் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸையும் ஒரு டிப்ளாய்மென்ட்டாக, அதாவது தரவைச் சேமிக்காத செயலிகளுக்கான முறையில், ஏற்றிவிடுகிறார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இணையப் பக்கத்தின் பாட் (செயலி ஓடும் சிறு அலகு) செத்தால் குபர்நெட்டீஸ் இன்னொன்றை எழுப்பிவிடும், யாருக்கும் நட்டமில்லை. தரவுத்தளத்தின் பாட்டுக்கு நிலையான வால்யூம் (சேமிப்பிடம்) கொடுக்காமல் விட்டாலோ, எம்ப்டிடிர் என்ற தற்காலிகச் சேமிப்பைக் கொடுத்தாலோ, பாட்டோடு சேர்ந்து பதிவுகளும் போய்விடும். தரவுள்ள செயலிகளுக்கான ஸ்டேட்ஃபுல்செட் முறையும் நிலையான வால்யூமும் வேண்டும்.

அதைச் செய்தவர்கள்கூட அடுத்த இடத்தில் சறுக்குவார்கள். பாதுகாப்புக்கு என்று ரெப்ளிகா (பாட் பிரதி) எண்ணிக்கையை 3 ஆக்குவார்கள். ஸ்டேட்ஃபுல்செட் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி வால்யூம் கொடுக்கும். ஒன்றில் எழுதியதை மற்றதற்கு நகலெடுக்காது. ஆக, ஒன்றையொன்று அறியாத மூன்று தரவுத்தளங்கள் ஓடும். பாட்களுக்கு முன்னால் நிற்கும் சர்வீஸ், வரும் கோரிக்கைகளை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும். இப்போது பதிந்த அறை, பக்கத்தைப் புதுப்பித்தால் காணாமல் போகும், இன்னொரு தடவை புதுப்பித்தால் திரும்பி வரும். நகலெடுப்பை போஸ்ட்கிரெஸின் ரெப்ளிகேஷன்தான் செய்ய வேண்டும். அதைக் கையால் கட்டுவதைவிட கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஒரு ஆபரேட்டரிடம் (தரவுத்தளத்தைப் பராமரிக்கும் துணை மென்பொருளிடம்) விடுவது நல்லது. அதுவும் பாரம் என்றால், தரவுத்தளத்தைக் கிளஸ்டருக்கு வெளியே தனிக் கணினியில் வையுங்கள். சின்னக் குழுவுக்கு அதுதான் பல நேரம் சரி.

கணினி மூன்று இருக்கிறதே என்ற தைரியமும் ஏமாற்றும். கே3எஸ் இயல்பாகத் தருவது லோக்கல் பாத் சேமிப்பு. தரவு ஒரே நோடின் (கணினியின்) வட்டில்தான் இருக்கும். மின்தடைக்குப் பின் அந்த நோட் எழும்பவில்லை என்றால், மற்ற இரண்டும் சும்மா நிற்க, தரவுத்தளத்தின் பாட் வேறு எங்கும் எழும்பாமல் கிடக்கும். பாட்டின் தேவை முடிந்தபின் வால்யூமை என்ன செய்வது என்று சொல்லும் ரீகிளெய்ம் பாலிசியையும் ஒரு தடவை பாருங்கள். டிலீட் என்று இருந்தால், வால்யூம் கிளெய்மை (பாட்டுக்கு வால்யூம் கேட்கும் பதிவை) அழித்ததும் தரவும் போச்சு. ரிடெயின் என்று மாற்றிவிடுங்கள்.

கரண்ட் திடீரென்று போய் வந்தால் போஸ்ட்கிரெஸ் தன் மாற்றங்களின் பதிவேட்டை மீண்டும் ஓட்டித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பாட் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லைவ்னஸ் புரோப் அவசரப்பட்டால் அதை நடுவில் கொன்று மறுபடி தொடக்கும், அது திரும்பவும் முதலிலிருந்து. தொடக்கம் முடியும்வரை அந்தச் சோதனையை நிறுத்திவைக்கும் ஒரு ஸ்டார்ட்டப் புரோப்பைத் தாராளமான கால அளவோடு வைத்தால் இந்தச் சுழல் வராது.

கடவுச்சொல்லை குபர்நெட்டீஸின் ரகசியச் சேமிப்பான சீக்ரெட்டில் மாற்றினால் தரவுத்தளத்தில் மாறாது. அதைக் கொண்டுசெல்லும் சூழல் மாறி முதல் தொடக்கத்தில் மட்டுமே படிக்கப்படும். இமேஜுக்கு (செயலியின் பொதிக்கு) லேட்டஸ்ட் டேக், அதாவது எப்போதும் புதிய பதிப்பையே குறிக்கும் பெயர், வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 17இலிருந்து 18க்கு அது தானாகத் தாவினால் பழைய கோப்புகளைப் புதிய சேர்வர் ஏற்காது. 18இன் அதிகாரபூர்வ இமேஜில் தரவு இருக்கும் பாதையும் மாறிவிட்டது.

இமேஜ் விஷயத்தில் தமிழ்ப் பெயர்களைச் சேமிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அளவு சிறியது என்று டெபியன் லினக்ஸ் இமேஜிலிருந்து அல்பைன் லினக்ஸ் இமேஜுக்கு மாறி அதே வால்யூமைக் கொடுத்தால், எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் விதி மாறும். அல்பைனில் யூனிகோட் எண் வரிசைதான்; அதில் 'ன' வருவது 'ப'வுக்கு முன்னால். கபிலனுக்குப் பின் வரவேண்டிய கனகா முன்னால் வருவார். பட்டியல் தாறுமாறாவதோடு இது நிற்காது. பழைய விதிப்படி கட்டிய இன்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணையில்) புதிய விதிப்படி தேடினால், இருக்கும் விருந்தினரையே இல்லை என்று சொல்லும். மாறியே ஆகவேண்டும் என்றால் ரீஇன்டெக்ஸ் செய்யுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் வரிசையை முதலிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

சீசனில் வரும் தொல்லை இணைப்பு எண்ணிக்கை. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. ஏபிஐக்கு 8 பாட், ஒவ்வொன்றிலும் 20 இணைப்பு என்றால் 160. வரம்பைக் கூட்டுவதைவிட நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைப்பது மேல். பெரிய அறிக்கை ஓடும்போது வட்டில் இடம் இருந்தும் இடமில்லை என்று பிழை வந்தால், கன்டெய்னரின் (பாட்டுக்குள் செயலி ஓடும் பெட்டியின்) பகிர்வு நினைவகம் வழக்கமாக 64 எம்பிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேக்கப். அதிகாலை 2 மணிக்கு என்று கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை) எழுதி, கிளஸ்டர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் அது இங்கே காலை 7.30, விருந்தினர்கள் கணக்கு முடித்துப் புறப்படத் தொடங்கும் வேளை. குபர்நெட்டீஸ் 1.27 முதல் கிரான்ஜாபில் நேர வலயம் குறிக்கும் வசதி நிலையாகிவிட்டது, கொழும்பு நேரத்தைப் போடுங்கள். டம்ப் (பேக்கப்) கோப்பை அதே நோடின் வட்டில் வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை வேறொரு நேம்ஸ்பேஸில் (கிளஸ்டரின் தனிப் பகுதியில்) அதை மீட்டு, பேக்கப்புக்கு முந்தைய நாளின் கடைசி அறைப் பதிவு அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.