டர்போ என்ஜின் ஏற்றிய கார்: மேப்பைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும்

வேறொரு டர்போ என்ஜினை வாங்கிக் காரில் இறக்கியாகிவிட்டது, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது, ஆனால் ஐடிலில் தள்ளாடுகிறது, பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) ஏறியதும் திணறுகிறது, யாரைக் கேட்டாலும் "டியூனிங் பண்ணணும்" என்கிறார்கள். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அது டியூனிங் கோளாறே கிடையாது. எங்கேயோ காற்று கசியும், எர்த் சரியாக இருக்காது, பெட்ரோல் பிரஷர் விழும். அதையெல்லாம் பார்க்காமல் லேப்டாப்பைத் திறந்து மேப்பில் (எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியுவில் இருக்கும் அட்டவணை) எண்களை ஏற்றி இறக்கிச் சமாளித்தால் கோளாறு மறைந்து நிற்கும், கடைசியில் பிஸ்டன் போகும்.

உதாரணத்துக்குப் பழைய மிட்சுபிஷி லான்சரில் அதே கம்பெனியின் 4ஜி63 டர்போ என்ஜினை ஏற்றுவதை எடுத்துக்கொள்கிறேன். திருவள்ளூரில் தயாரான அந்த லான்சர், இந்த என்ஜினோடு வந்த டர்போ லான்சர்களான ஈவோ 4, 5, 6-இன் அதே தலைமுறை. என்ஜின் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஈவோ 4-இல் என்ஜினை 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டார்கள். ஈவோ 3 வரை வந்த என்ஜினை வாங்கி வந்தால் கியர்பாக்ஸ், மவுண்ட் எல்லாம் எதிர்ப்பக்கம் நிற்கும்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து, பேட்டரியை முழு சார்ஜில் வைத்துச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். 4ஜி63-இல் டைமிங் பெல்ட் மாற்றும்போது பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆயில் பம்ப் பல்சக்கரத்தின் குறி சரியாக நின்றாலும் அதோடு இணைந்த பேலன்ஸ் ஷாஃப்ட் பாதிச் சுற்று தப்பி நிற்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடுங்கள். 60 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சரி. 20, 25-இலேயே முட்டினால் அந்தச் சக்கரத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இது தப்பினால் வண்டி அதிர்வதோடு நிற்காது. அந்த அதிர்வை நாக் சென்சார் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் முறை தவறி வெடிப்பது) என்று எடுத்துக்கொண்டு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும், நீங்கள் காரணம் தெரியாமல் மேப்பில் தேடிக்கொண்டு இருப்பீர்கள்.

அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து ஸ்டார்ட்டர் அடியுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் ஸ்ட்ராப் போதாது அல்லது பெயிண்ட் மேல் போல்ட் போட்டிருக்கிறீர்கள். சென்சார்களின் எர்த் எல்லாம் ஈசியுவுக்கே திரும்பிப் போக வேண்டும், கிடைத்த இடத்தில் பாடியில் முடுக்கக் கூடாது. அப்புறம் ஈசியுவில் டைமிங்கை ஒரே எண்ணில் பூட்டிவிட்டு டைமிங் லைட்டால் பாருங்கள். ஐடிலில் காட்டும் அதே எண் 4,000 ஆர்பிஎம்மிலும் அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் ஈசியுவில் நீங்கள் எழுதும் டைமிங்கும் என்ஜினில் நடக்கும் டைமிங்கும் வேறு வேறு. அதைச் சரிசெய்யும் வரை பூஸ்ட் பக்கமே போகாதீர்கள்.

இப்போது கசிவு. டர்போவின் வாயில் ஒரு மூடியைச் செருகி, கம்ப்ரஸரில் இருந்து மெதுவாகக் காற்றை ஏற்றுங்கள். 0.3 பாரில் ஆரம்பித்து, நீங்கள் ஓட்டப்போகும் பூஸ்ட் வரைக்கும் போங்கள். சோப்புத் தண்ணீரை இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப், இன்ஜெக்டர் ஓ ரிங், புளோ ஆஃப் வால்வு (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்ட்டை வெளியேற்றும் வால்வு) எல்லாவற்றிலும் தெளியுங்கள். இந்த என்ஜினில் திராட்டில் ஷாஃப்ட் சீல் தேய்ந்து அங்கேயும் கசியும். ஆயில் ஊற்றும் வாயில் லேசாகக் காற்றுச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், ரிங் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஏர் ஃப்ளோ மீட்டர் வைத்து ஓடும் வண்டியில் கசிந்தால், மீட்டர் எண்ணிய காற்று உள்ளே வராமல் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடும், கறுப்புப் புகை வரும். புளோ ஆஃப் வால்வை வெளியே ஊத விட்டாலும் அதே கதைதான், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் திணறும். அந்த வால்வின் காற்றை டர்போவுக்கு முன்னால் திருப்பி விட்டுவிடுங்கள். சத்தம் போய்விடும், வண்டி சரியாக ஓடும்.

ஆயில் திரும்பும் குழாய் நேராகக் கீழே இறங்கி, சம்ப்பில் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எங்கேயாவது தொங்கி வளைந்தால் டர்போவில் ஆயில் தேங்கி ஐடிலில் நீலப் புகை வரும். டர்போ போச்சு என்று புதுசு வாங்குவதற்கு முன் இதையும் பிசிவி (என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் வால்வு) அடைப்பையும் பாருங்கள். குழாயை வளைத்து வெல்டு செய்து தர இங்கே பெங்களூர் பீன்யாவில் ஆள் இருக்கிறார்கள். தமிழிலேயே கேட்கலாம்: "அண்ணா, வளைவு வேணாம், நேரா இறங்கணும்."

வைட்பேண்ட் சென்சார் (புகையை வைத்துக் காற்று–பெட்ரோல் கலவையை அளப்பது) இல்லாமல் டியூனிங் செய்யவே கூடாது. டர்போவுக்குப் பின்னால், டவுன்பைப்பில் அரை மீட்டர் தள்ளி, தண்ணீர் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எண்ணை மறந்துவிட்டு லாம்டாவில் படியுங்கள்: 1.0 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில் நடந்த விழாவில் ஈ20 பெட்ரோல் அறிமுகமானது, இப்போது பம்ப்பில் அதுதான் கிடைக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய இணையப் பக்கத்தில் எடுத்த மேப்பை அப்படியே ஏற்றினால் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

மேப்பில் முதலில் பூஸ்ட் இல்லாத பகுதி. சீராகப் போகும்போது லாம்டா 1.0. பூஸ்ட் கன்ட்ரோலரைத் துண்டித்து, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு) ஸ்பிரிங் தரும் பூஸ்ட்டில் மட்டும் ஆரம்பியுங்கள். முழு லோடில் 0.78 முதல் 0.82 வரை வைத்துக்கொண்டு, டைமிங்கைத் தாராளமாகப் பின்னால் இருந்து ஒவ்வொரு டிகிரியாக முன்னே நகர்த்துங்கள். டார்க் (என்ஜினின் திருப்பு விசை) ஏறுவது நின்றால் அங்கேயே நிறுத்துங்கள், நாக்கிங் கேட்டால் 2 டிகிரி பின்னே வாருங்கள். எல்லாம் டைனோ (வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓட்டி அளக்கும் உருளை) மேல். அவுட்டர் ரிங் ரோட்டில் முழு திராட்டில் போட்டு லாக் (சென்சார் பதிவு) எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அங்கே மற்றவர்களும் போகிறார்கள்.

பூஸ்ட்டில் விட்டு விட்டு அடித்தால் பிளக் இடைவெளியை 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள். மேலே போகப் போக லீன் ஆனால் பெட்ரோல் பிரஷர் கேஜ் கட்டுங்கள்: வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 3 பார் என்றால், 1 பார் பூஸ்ட்டில் 4 பார் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் ரெகுலேட்டர் ஹோஸ், பம்ப், பம்ப்புக்கு வரும் வோல்ட்டேஜ் என்று அந்த வரிசையில் தேடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் மட்டும் ஐடில் கெட்டால் காற்று வெப்ப சென்சார் மேனிஃபோல்டில் சூடேறி உட்கார்ந்திருக்கிறது. அதை இன்டர்கூலருக்கு அடுத்த பைப்புக்கு மாற்றுங்கள்.

பெங்களூர்க்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் உயரம். நாம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறோம், இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் பார்க்கும். 0.7 பார் பூஸ்ட் என்றால் இங்கே மேனிஃபோல்டில் 161 கிலோபாஸ்கல், சென்னையில் 171. கேஜில் இரண்டு ஊரிலும் ஒரே எண்தான், ஆனால் சென்னையில் என்ஜினுக்குள் போகும் அழுத்தம் 6 சதவீதம் அதிகம், கூடவே அந்த ஊர் வெயில். இங்கே டைனோவில் சுத்தமாக ஓடிய வண்டி சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நாக்கிங் அடிப்பது இதனால்தான். அதனால் மேப்பில் 161-உடன் நிறுத்தாமல் 180, 190 வரிசைகளையும் ரிச்சாகவும் டைமிங் குறைவாகவும் நிரப்பி வையுங்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் டைமிங்கைக் குறைக்கும் டேபிளையும் எழுதுங்கள்.

ஆர்சியில் என்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வேறு என்ஜின் போட்டு ரோட்டில் ஓட்ட முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். டிராக்குக்கு மட்டும் என்றால் வண்டியை டிரக்கில் ஏற்றிப் போங்கள். அங்கே முதல் சுற்றுகளைப் பாதித் திராட்டிலில் ஓட்டி, பிட்டில் நிறுத்தி நாக்கிங் லாக்கையும் காற்று வெப்பத்தையும் பாருங்கள். சுத்தமாக இருந்தால் மட்டும் முழு திராட்டில், இல்லாவிட்டால் 2 டிகிரி குறைத்துவிட்டு மறுபடி.