ரெப்போ குறைந்தால் பட்டறைக்காரர் என்ன பார்க்க வேண்டும்?

சேலம் சிவதாபுரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி. அது குறைந்த செய்தி வந்த அன்றே, இனி வியாபாரம் சூடு பிடிக்கும் என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வெள்ளிக்கட்டி வாங்கிப் போடாதீர்கள். வட்டி குறைவதால் வங்கி கூடுதலாகக் கொடுக்கும் பணம் நம் வாசலுக்கு எப்படி வந்து சேரும் என்று முதலில் பாருங்கள்.

பணம் வற்றினால் வேலை எப்படிப் படுக்கும் என்பதை 2016 நவம்பரில் கண்ணால் பார்த்தேன். 8-ஆம் தேதி இரவு, புழக்கத்திலிருந்த நோட்டு மதிப்பில் சுமார் 86 சதவீதம் செல்லாமல் போனது. ஆர்டர் இருந்தது, வெள்ளி இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். சனிக்கிழமை கூலி கொடுக்க நோட்டுதான் இல்லை. பற்றவைக்கும் அக்கா இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் மளிகைக்கடையில் அவருக்குக் கடன் நின்றுவிட்டது, வேலைக்கு வரவில்லை. பாதி கோத்த கொலுசுகள் தட்டிலேயே கறுத்துக் கிடந்தன.

2020-இல் கதை வேறு. ரெப்போவை 5.15-இலிருந்து 4 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஆனால் ஊரடங்கில் பட்டறையே பூட்டிக் கிடந்தது. பணம் வந்து கொலுசு செய்யாது. சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை கொடுக்கத்தான் கூடுதல் பணம் உதவும். கை நிறைய வேலை இருக்கும்போது வந்தால் விலைதான் ஏறும். விலைவாசி ஏறியதும் ரெப்போவை 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 வரை உயர்த்தினார்கள்.

சரி, அறிவிப்பு வந்ததும் பணவீக்கத்தைப் பாருங்கள். ரிசர்வ் வங்கிக்கு இலக்கு 4 சதவீதம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். 6-ஐத் தாண்டினால் வட்டி இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம் ரொக்க இருப்பு விகிதம். 100 ரூபாய் டெபாசிட்டில் வங்கி ரிசர்வ் வங்கியிடம் போட்டு வைக்க வேண்டிய தொகை அது. 2025 ஜூனில் 4 ரூபாயை நான்கு தவணையில் 3 ஆக்குவதாக அறிவித்தார்கள்; மிச்சமாகும் ஒரு ரூபாயை வங்கி கடன் கொடுக்கலாம்.

அடுத்து உங்கள் கடன் அனுமதிக் கடிதத்தை எடுங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு சிறு தொழிலுக்கு மாறும் வட்டியில் வாங்கிய வங்கிக் கடன் என்றால் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாறியாக வேண்டும். பழைய கடன் எம்.சி.எல்.ஆரில், அதாவது வங்கி தன் செலவைக் கணக்குப் பார்த்துத் தானே வைக்கும் அடிப்படை வட்டியில், கிடந்தால் குறைவு மெதுவாகத்தான் வரும். மேனேஜரிடம் ரெப்போவோடு சேர்ந்த வட்டிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

நான் பெரிதாக நம்புவது என் கணக்கு நோட்டைத்தான். பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி, நடுவில் எத்தனை நாள். பணம் எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பதை இது காட்டிவிடும். வட்டி குறைந்தும் 30 நாள் 45 ஆகிக்கொண்டே போனால், ஊரில் பணம் இன்னும் சுழலவில்லை என்று அர்த்தம். பணக் கொள்கையின் பலன் தாமதமாக வரும், எவ்வளவு தாமதம் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும் என்றார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். அதனால் அந்த நாள் கணக்கு இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்த பிறகே நான் கூடுதல் வெள்ளி எடுக்கிறேன். ஆள் சேர்ப்பது அதற்கும் அப்புறம்தான்.