நெஞ்செரிச்சல் மாத்திரை எடுப்பவர்கள் பழம் உண்ணும் முறை

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல் போன்ற மாத்திரைகளை நெஞ்செரிச்சலுக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை, புளிப்பான பழத்தைத் தொடக்கூடாது என்பதாகவே இருக்கும். அந்த அறிவுரையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பழத்தின் தூய்மையைப் பற்றியும், மாத்திரைக்கும் பழத்துக்கும் இடையே விட வேண்டிய நேரத்தைப் பற்றியும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. உண்மையில் கூடுதல் கவனம் தேவைப்படுவது அவற்றில்தான்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். இவ்வகை மாத்திரைகளைப் பொதுவாகக் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக, வெறும் வயிற்றில், தண்ணீருடன் விழுங்கச் சொல்வார்கள். இரைப்பைச் செல்களில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் நாம் உண்ணும்போதுதான் முழு வேகத்தில் இயங்கத் தொடங்குகின்றன. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே தங்குகிறது. எனவே பம்புகள் விழித்தெழும் வேளையில் மருந்து அங்கே தயாராக இருந்தால்தான் அவற்றைப் பிடித்து அடக்க முடியும். ஒரு வாழைப்பழமும் இந்தக் கணக்கில் உணவுதான். மாத்திரையை விழுங்கிய கையோடு பழத்தை உரித்துச் சாப்பிடுவதைத் தவிர்த்து, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரைப்பை அமிலத்தில் மருந்து சிதையாமல் காப்பது அதன் மேற்பூச்சு.

எந்தப் பழம் ஒத்துக்கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்கிறதே தவிர, இரைப்பையில் இருப்பது மேலேறி வருவதை நிறுத்துவதில்லை. ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் உணவுக்குழாயில் எலுமிச்சைச் சாறும் அன்னாசியும் திராட்சையும் நேரடியாகப் பட்டாலே எரியும். பப்பாளி, முலாம்பழம், தர்ப்பூசணி ஆகியவற்றில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானோருக்குத் தொல்லை தருவதில்லை. வாழையிலேயே வேறுபாடு உண்டு: பூவன் பழத்தில் மெல்லிய புளிப்பு இருக்கும், நன்கு கனிந்த கற்பூரவல்லியில் இனிப்பே மேலோங்கும். ஒரு நாளில் ஒரு புதிய பழத்தை மட்டும் சிறிதளவு உண்டு பார்த்தால், எது ஒத்துக்கொள்கிறது, எது எரிச்சலைக் கிளப்புகிறது என்பது தெரிந்துவிடும். அன்னாசித் துண்டின் மேல் மிளகாய்த்தூளும் உப்பும் தூவி உண்டுவிட்டுப் பழத்தைக் குறை சொல்வது சரியாகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கப் போகும்போது பழம் உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எதுக்களிப்பு உள்ளவர்கள் அதை மாலைக்கு மாற்றிக்கொண்டு, படுப்பதற்குக் குறைந்தது 3 மணி நேரத்துக்கு முன்பே உண்டு முடிப்பது நல்லது.

இனி தூய்மை. உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியை அழிப்பது இரைப்பையின் அமிலம். அந்த அமிலத்தைத்தான் நாளின் பெரும்பகுதி நாம் மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம். அதனால் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகளால் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு இம்மாத்திரை எடுப்பவர்களுக்குக் கூடுகிறது. பேருந்து நிலையத் தள்ளுவண்டியில் பப்பாளியும் தர்ப்பூசணியும் துண்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும். வாடாமல் இருக்க ஐஸ் கட்டி வைத்திருப்பார்கள், ஐஸ் உருகிய நீர் துண்டுகளின் மேல் வழியும். ஒரே கத்தி நாள் முழுவதும் ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அந்தத் துண்டு உங்களுக்குத் தொல்லை தரலாம். வெளியில் பசித்தால் நறுக்கிய பழத்தை விட்டு, தோலை நீங்களே உரிக்கக்கூடிய வாழைப்பழத்தையோ கமலா ஆரஞ்சையோ வாங்குங்கள்.

வீட்டிலும் தோலைத்தான் எறியப் போகிறோமே என்று கழுவாமல் நறுக்கக்கூடாது. கத்தி தோலைக் கடந்து சதைக்குள் இறங்கும்போது தோலில் இருந்த அழுக்கும் அதனுடன் இறங்கும். குழாயில் ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். முலாம்பழம் போன்ற சொரசொரப்பான தோலைச் சுத்தமான பிரஷால் தேய்ப்பது நல்லது. சோப்பு வேண்டாம். உப்பு நீரில் ஊறவைப்பது ஓடும் நீருக்கு ஈடாகாது. நறுக்கிய பழத்தை 2 மணி நேரத்துக்குள், கடும் கோடையில் 1 மணி நேரத்துக்குள், உண்ண வேண்டும் அல்லது குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைக்க வேண்டும்.

மருந்தோடு மோதும் பழங்களும் உண்டு. மாத்திரை அட்டையில் பெயரை அடுத்து ‘டி’ அல்லது ‘டிஎஸ்ஆர்’ என்று இருந்தால், அதில் பெரும்பாலும் டாம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்தும் சேர்ந்திருக்கும். கிரேப்ஃப்ரூட் பழமும் அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸும் இம்மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கக்கூடியவை. மருந்து உடலில் அளவுக்கு மேல் தேங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். ஆகவே இம்மாத்திரை எடுக்கும் நாட்களில் இவ்விரண்டையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. சாத்துக்குடிக்கும் கமலா ஆரஞ்சுக்கும் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த அமிலமுறிவு சிரப் குடிப்பவர்கள் அதே வேளையில் எலுமிச்சை அல்லது ஆரஞ்சுச் சாறு அருந்தக்கூடாது; பழத்தின் சிட்ரேட், உடல் உறிஞ்சும் அலுமினியத்தின் அளவைக் கூட்டுகிறது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. அவர்கள் வாழைப்பழத்தின் பொட்டாசியத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்துக்கொண்டு, இரவு உணவுக்குப் பதிலாகப் பழம் மட்டும் உண்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பழங்களில் அந்த வைட்டமின் இல்லை. உணவிலிருந்து கிடைப்பதை உடல் உறிஞ்சுவதையும் மாத்திரை குறைக்கிறது. வயிற்றுப்போக்கு 2 நாளைத் தாண்டினாலோ, காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ காணப்பட்டாலோ, கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்கு எந்த மாத்திரையை எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள் என்பதை, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே முதலில் சொல்லுங்கள்.