கருப்பட்டியும் ஈஸ்டும்: செல் சர்க்கரையை உடைப்பதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

செல் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் செல் சுவாசத்தைச் சுழற்சிப் படத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் பாதிப் பேருக்குத் தலைதான் சுற்றும். நம்ம குமரி மாவட்டத்தில் கருப்பட்டிக்கா பஞ்சம், அதிலிருந்தே தொடங்குங்கள்.

நெல்லிக்காய் அளவு கருப்பட்டியைப் பொடித்து அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சின்ன பாட்டிலில் ஊற்றி, ஒரு ஸ்பூன் உலர் ஈஸ்ட் போட்டுக் கலக்கி, வாயில் பலூனை மாட்டிவிடுங்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துப்போகும். மூடி போட்டு இறுக்கவே கூடாது, பாட்டில் வெடிக்கும். பக்கத்தில் கருப்பட்டி சேர்க்காத பாட்டில் ஒன்றும் இருக்கட்டும், வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் நுரை கட்டும், பலூன் எழும்பும். ஈஸ்ட் முதலில் கருப்பட்டியில் உள்ள சர்க்கரையான சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிக்கும். அப்புறம் கிளைக்காலிசிஸ்: 6 கார்பன் குளுக்கோஸ் உடைந்து, 3 கார்பன் உள்ள பைருவிக் அமிலம் 2 கிடைக்கும், செல்லுக்கு நிகர லாபம் 2 ஏடிபி (செல் ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறு). இதுவரை ஆக்சிஜனே வேண்டாம், உங்கள் செல்லுக்குள் நிரம்பியிருக்கும் சைட்டோபிளாசத்திலும் இதேதான் நடக்கிறது.

பாதை பிரிவது இதற்குப் பிறகு. காற்றில்லாத ஈஸ்ட், பைருவிக் அமிலத்தை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். அதில் ஒரு ஏடிபிகூடக் கிடைக்காது. பிறகு எதற்கு இந்த வேலை? கிளைக்காலிசிஸுக்கு என்ஏடி என்ற துணை மூலக்கூறு வேண்டும், அது எலக்ட்ரான்களை வாங்கி என்ஏடிஎச் ஆகிவிடும். அதை மறுபடி என்ஏடி ஆக்காவிட்டால் அந்த 2 ஏடிபியும் நின்றுவிடும், அதற்காகத்தான். மிச்ச ஆற்றல் பெரும்பாலும் ஆல்கஹாலிலேயே தங்குகிறது, ஸ்பிரிட் தீப்பிடித்து எரிகிறதே. நமக்கு ஆக்சிஜன் இருப்பதால் பைருவிக் அமிலம் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் கிரப் சுழற்சி, எலக்ட்ரான் கடத்தல் என்ற அடுத்த கட்டங்களுக்குப் போய் ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30 முதல் 32 ஏடிபி வரை வரும். 36, 38 என்பது பழைய கணக்கு. பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், வம்பு எதற்கு?

பலூனில் இருப்பது என்ன வாயு என்று பார்க்கச் சுண்ணாம்பு போதும். அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்தில் தடவுகிறார்களே, அதேதான். அங்கே அது ஈஸ்டை வளரவிடாமல் தடுக்கிறது, தடவாவிட்டால் கள்ளாகிவிடும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு ராத்திரி வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, பலூன் காற்றை ஸ்ட்ரா வழியாக அதில் விடுங்கள், பால் போல வெளுக்கும், கார்பன் டை ஆக்சைடுக்கு அதுதான் அடையாளம். இன்னொரு டம்ளர் தெளிநீரில் உங்கள் மூச்சை ஊதினாலும் அப்படியே வெளுக்கும். ஊத மட்டும் செய்யுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள், வாய் வெந்துபோகும்.